தென்காசி வட்டாரத்தின் சளி, காய்ச்சல் கைவைத்தியம்

தென்காசி வட்டாரத்தின் சளி, காய்ச்சல் கைவைத்தியம் என்பது தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, இலத்தூர் ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வழங்கிவரும் வீட்டு மருத்துவ முறை. அஞ்சறைப்பெட்டியில் உள்ள பொருட்களும், கொல்லையிலும் வேலியோரத்திலும் வளரும் மூலிகைகளும் இதில் பயன்படுகின்றன. இம்முறையின் ஒரு பகுதி சித்த மருத்துவ நூல்களோடு தொடர்புடையது. மற்றொரு பகுதி பாட்டியிடமிருந்து பேத்திக்கு வாய்மொழியாக வந்தது. கடந்த இருநூறு ஆண்டுகளில் இதன் சில மருந்துகள் ஆங்கிலேயரின் மருந்து நூல்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இடம்பெற்றன. 2012-ஆம் ஆண்டு டெங்குப் பரவலின்போதும் 2020-ஆம் ஆண்டு கொரோனாப் பரவலின்போதும் சித்த மருந்துக் குடிநீர்கள் அரசால் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டன.

இடமும் பருவமும்

இலத்தூர், தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் அருகில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். செங்கோட்டை வட்டம் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக இப்பகுதிக்குள் நுழைகிறது. அப்போது வெயிலும் மென்தூறலும் மாறிமாறி வரும். இத்தூறல் ‘சாரல்’ எனப்படுகிறது. இதுவே குற்றாலத்தின் குளியல் பருவம். ஈரக்காற்றும் திரளான மக்கள் வருகையும் சேரும் இக்காலத்தில் சளி, இருமல், காய்ச்சல் பரவுவது வழக்கம். நெல்லைப் பேச்சில் சளிக்கு ‘தடுமம்’ என்று பெயர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையின்போது தடுமம் மீண்டும் தலைகாட்டும்.

தொன்மம்

பொதிகை மலை அகத்தியரின் இருப்பிடம் என்பது தமிழ் மரபின் நம்பிக்கை. சித்த மருத்துவமும் அவரையே முதல்வராகக் கொள்கிறது. இலத்தூரில் உள்ள மதுநாதசுவாமி கோயிலின் தலக்கதையும் அகத்தியரோடு தொடர்புடையது. அகத்தியர் இங்கே மணலால் லிங்கம் செய்து வழிபட்டார் என்றும், அருகிலிருந்த புளியமரத்தின் தேன்கூட்டிலிருந்து தேன் சொரிந்து அந்த லிங்கம் இறுகியது என்றும் அக்கதை கூறுகிறது. ‘மது’ என்பது தேனைக் குறிக்கும் சொல். இருமலுக்கான கைவைத்தியத்தில் பெரும்பாலான சாறுகளும் பொடிகளும் தேனில் குழைத்தே கொடுக்கப்படுகின்றன.

நூல்மரபு

சித்த மருத்துவம் உடலின் இயக்கத்தை வாதம், பித்தம், ஐயம் என்ற மூன்றின் அடிப்படையில் விளக்குகிறது. சளியும் இருமலும் ஐயத்தின் மிகுதியால் வருவன எனக் கொள்ளப்படுகின்றன. யூகி முனிவர் பெயரில் வழங்கும் மரபு சுரத்தை 64 வகையாகப் பிரிக்கிறது. ஐயத்தால் வரும் சுரமே கபசுரம்.

சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான நல்லாதனாரின் ‘திரிகடுகம்’ இம்மருந்தின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. மூன்று மருந்துகள் உடல்நோயைத் தீர்ப்பதுபோல ஒவ்வொரு பாடலிலும் வரும் மூன்று கருத்துகள் மனநோயைத் தீர்க்கும் என்பது அந்தப் பெயருக்கான விளக்கம். நீதி நூல் ஒன்றுக்குப் பெயராகும் அளவுக்கு அக்காலத்திலேயே இம்மருந்து பரவலாக அறியப்பட்டிருந்தது.

வீட்டு முறைகள்

இவ்வட்டாரத்தில் பரவலாக வழங்கும் முறைகள்:

சுக்குக் காப்பி: சுக்கு, மிளகு, மல்லி ஆகியவற்றைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, பனங்கருப்பட்டி சேர்த்துக் குடிப்பது. கருப்பட்டி நெல்லை, தூத்துக்குடிப் பகுதிகளின் பனைத்தொழிலிலிருந்து வருவது.

ரசம்: மிளகு ரசம், கொள்ளு ரசம், தூதுவளை ரசம் ஆகியவை காய்ச்சல்காரருக்குக் குழைந்த சோற்றுடன் கொடுக்கப்படும். மிளகுத்தண்ணீர் ஆங்கிலேயர் வழியாக ‘முல்லிகடானி’ என்ற சூப்பாக ஐரோப்பா சென்றது.

வேது: நொச்சி இலையைக் கொதிக்கவைத்து, போர்வையால் மூடிக்கொண்டு அதன் ஆவியைப் பிடிப்பது.

ஆடாதோடை: இலையை வாட்டிப் பிழிந்த சாற்றைத் தேனில் கலந்து இருமலுக்குக் கொடுப்பது.

கற்பூரவல்லி, துளசி: இலைச்சாறு குழந்தைகளின் சளிக்குக் கொடுக்கப்படும்.

பற்று: தலைபாரத்துக்குச் சுக்கை உரைத்து நெற்றியில் பூசுவது.

இவற்றில் பல, மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்டவை. காய்ச்சல் கண்டவர் ஓய்வெடுப்பது, சூடான நீராகாரம் அருந்துவது, எளிதில் செரிக்கும் உணவை உண்பது ஆகிய மூன்றும் இம்முறைகளோடு சேர்ந்தே வந்தன.

கம்பெனி ஆட்சிக் காலம்

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளில் கொள்ளைக் காய்ச்சல் பரவியது. அதன் காரணங்களை ஆராயச் சென்னை அரசு ஒரு குழுவை அமைத்தது. குழுவின் தலைவர் மருத்துவர் வைட்லா எயின்ஸ்லி. குழுவின் அறிக்கை 1816-இல் லண்டனில் அச்சாயிற்று. அது தடுமக் காய்ச்சல் அன்று. எனினும் தென்மாவட்டங்களின் காய்ச்சலும் தட்பவெப்பமும் அப்போது அரசின் முறையான ஆய்வுக்கு உள்ளாயின. எயின்ஸ்லி நாட்டு மருந்துகளைப் பற்றி 1813-இல் சென்னையில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் விரிவான வடிவம் 1826-இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. கடைத்தெருவில் விற்கும் மருந்துப் பொருட்களின் தமிழ்ப் பெயர்கள் அவற்றில் பதிவாயின.

கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் அமைத்தது. கிராம்பும் சாதிக்காயும் இம்மலையில் இன்றும் விளைகின்றன. தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1830-களில் குற்றால மலையில் செடிகளைச் சேகரித்தார். ஆடாதோடையின் தாவரவியல் பெயரில் உள்ள ‘அடதோடா’ என்ற சொல்லை 1753-லேயே லின்னேயஸ் பதிவுசெய்திருந்தார்.

1918 இன்புளுயன்சா

1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகம் வழியாக இன்புளுயன்சா இந்தியாவுக்குள் நுழைந்தது. செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் அலை மிகக் கொடியது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்ததாக வரலாற்றாய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். பம்பாய், மத்திய மாகாணங்களை ஒப்பிட்டால் சென்னை மாகாணத்தில் இறப்பு விகிதம் குறைவு.

அந்த ஆண்டில் எந்த மருத்துவ முறையிடமும் இந்நோய்க்கு மருந்து இல்லை. மனித இன்புளுயன்சா வைரஸ் 1933-இல்தான் பிரித்தறியப்பட்டது. சாதாரணச் சளிக்குக் காரணமான ரைனோ வைரஸ்கள் 1950-களில் கண்டறியப்பட்டன.  

கல்லூரியும் மருத்துவமனையும்

நாட்டு மருத்துவ முறைகளை ஆராய, சென்னை அரசு 1921-இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. குழு 1923-இல் அறிக்கை அளித்தது. அதைத் தொடர்ந்து 1920-களின் நடுவில் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இல் தொடங்கியது. தென்காசி வட்டாரத்துக்கு மிக அருகில் உள்ள சித்த மருத்துவக் கல்வி நிறுவனம் இதுவே. தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-இல் தாம்பரம் சானடோரியத்தில் திறக்கப்பட்டது.

நிலவேம்பும் கபசுரமும்

2012-இல் திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு கடுமையாகப் பரவியது. தென்காசிக்கு அருகிலுள்ள கடையநல்லூர் மிகவும் பாதிக்கப்பட்ட ஊர்களில் ஒன்று. அக்காலத்தில் நிலவேம்புக் குடிநீர் அரசு மருத்துவமனைகளில் பரவலாக வழங்கப்பட்டது. இது நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்குகளைக் கொண்டது.

2020-இல் கபசுரக் குடிநீர் அந்த இடத்தைப் பிடித்தது. இதில் சுக்கு, திப்பிலி, இலவங்கம், கடுக்காய், ஆடாதோடை, கற்பூரவல்லி, சீந்தில், நிலவேம்பு உள்ளிட்ட 15 சரக்குகள் உள்ளன. தமிழ்நாடு அரசு 2020 ஏப்ரலில் ‘ஆரோக்கியம்’ திட்டத்தைத் தொடங்கி இதை வழங்கியது. சூரணத்தை 240 மி.லி. நீரில் இட்டு 60 மி.லி. ஆகும்வரை காய்ச்சி வடிகட்டுவது இதன் செய்முறை.

இவ்விரு குடிநீர்களும் கைவைத்தியம் அல்ல. அளவு வரையறுக்கப்பட்ட சித்த மருந்துகள். ஆனால் கொள்ளைநோய்க் காலங்களில் தெருமுனைப் பந்தல்களில் வழங்கப்பட்டதால், சுக்குக் காப்பியைப் போல நாள்தோறும் எவ்வளவும் குடிக்கலாம் என்ற எண்ணம் பரவியது.

ஆய்வுகள்

ஆடாதோடையின் முக்கிய ஆல்கலாய்டு வாசிசின். சளியை இளக்கும் நவீன மருந்தான புரோம்ஹெக்சின் இதன் அடிப்படையில் உருவாக்கப்பட்டு 1963-இல் விற்பனைக்கு வந்தது. குழந்தைகளின் இருமலுக்குத் தேன் ஓரளவு பயன்தரக்கூடும் என 2018-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு கூறியது. சளிக்கு ஆவி பிடிப்பதால் உறுதியான பலன் தெரியவில்லை என 2017-இல் வெளியான மற்றொரு காக்ரேன் தொகுப்பாய்வு கூறியது. சாதாரணச் சளி பெரும்பாலும் ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் தானே தணியும். ஆகவே எந்த மருந்தால் குணமானது என்று வீட்டு அனுபவத்தைக் கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது.

எல்லைகள்

கைவைத்தியம் தொண்டைக் கரகரப்பு, மூக்கடைப்பு, இருமல் போன்ற தொல்லைகளைத் தணிப்பது. இன்புளுயன்சா நுரையீரல் அழற்சியாக முற்றும்போது அது போதாது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், மூன்று நாட்களுக்கு மேல் தணியாத காய்ச்சல், குழந்தை பால் குடிக்க மறுத்தல் ஆகியவை உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய அறிகுறிகள். டெங்கு பரவும் காலத்தில் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது உயிருக்கு ஆபத்தாகலாம்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். வேது பிடிக்கும்போது கொதிநீர் கவிழ்ந்து குழந்தைகளுக்குத் தீப்புண் ஏற்படுவதுண்டு. 2021 மே மாதம் பொது இடங்களில் ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் பெருகியபோது, மருத்துவர் அறிவுரையின்றி அவ்வாறு செய்யவேண்டாம் எனத் தமிழ்நாடு சுகாதாரத்துறை அமைச்சர் கேட்டுக்கொண்டார். கர்ப்பிணிகளும் நீண்டகால நோய்க்கு மருந்து உட்கொள்பவர்களும் குடிநீர்களை மருத்துவரைக் கேட்டே பருகவேண்டும்.

இன்றைய நிலை

சுக்கு, மிளகு, கருப்பட்டி ஆகியவை இன்றும் இவ்வட்டாரத்தின் மளிகைக் கடைகளில் கிடைக்கின்றன. சூரணங்கள் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படுகின்றன. வீட்டு முறைகள் எழுத்தில் அதிகம் பதிவாகவில்லை. எந்தச் செடி, எவ்வளவு, எந்த வயதுக்கு, எப்போது நிறுத்துவது என்ற நுட்பங்கள் முதிய பெண்களின் நினைவில்தான் இருந்துவந்தன. செடியின் பெயர் மட்டும் பரவி அளவும் எச்சரிக்கையும் மறையும்போது, கைவைத்தியம் தன் பயனையும் பாதுகாப்பையும் ஒருசேர இழக்கிறது.