பிரிக் லேன் உணவுச்சாலைகள்: ஒரு வரலாற்று நோக்கு

இலண்டனின் கிழக்கிலுள்ள ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதி நெடுங்காலமாக வந்தேறிகளின் புகலிடமாக விளங்கியது. 1685 இல் பதினான்காம் லூயி மன்னன் நான்ற் கட்டளையை நீக்கியபின், பிரான்சியப் புரட்டஸ்தாந்தரான ஹியூகனோக்கள் அங்கு வந்து பட்டு நெய்தனர். 1881 இன் பின் ரஷ்யப் பேரரசின் வன்செயல்களுக்குத் தப்பிய யூதர் அங்கு தையற்றொழிலில் ஈடுபட்டனர். இருபதாம் நூற்றாண்டில் வங்காளத்துச் சில்ஹெற்றிலிருந்து கப்பற்றொழிலாளரும் அவர்தம் உறவினரும் வந்து சேர்ந்தனர். பிரிக் லேன் வீதியில் 1743 இல் எழுந்த ஹியூகனோ ஆலயம் பின்னர் மெதடிஸ்த ஆலயமாகி, 1898 இல் யூதர் தொழுகைக்கூடமாகி, 1976 இல் பள்ளிவாசலாயிற்று. ஓர் ஏழைச் சமூகம் விட்டுச்சென்ற இடத்தை மற்றோர் ஏழைச் சமூகம் நிரப்பியதையே இக்கட்டடம் உணர்த்துகின்றது.

வங்காளியரின் தொடக்ககாலத் தேநீர்க்கடைகள் குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்த தொழிலாளருக்குச் சோறும் கறியும் மலிவாக அளித்தன. ஆயின் அவர்களது வாழ்வு அச்சம் நிறைந்ததாயிருந்தது. 1978 மே 4 இல் ஆடைத்தொழிலாளியான அல்தாப் அலி இனவெறியரால் கொல்லப்பட்டார். பத்து நாட்களின் பின் ஆயிரக்கணக்கானோர் அவரது சவப்பெட்டியுடன் பிரதமர் இல்லம்வரை ஊர்வலமாகச் சென்றனர். அவ்வீதியில் வாழும் உரிமையை அவர்கள் போராடியே நிலைநாட்டினர்.

ஆடைத்தொழில் நலிவுற்றபோது உணவுத்தொழில் முதன்மை பெற்றது. அண்மையிலுள்ள நிதி மையத்தின் அலுவலரும் உல்லாசப் பயணிகளும் வாடிக்கையாளராயினர். அவர்களின் சுவைக்கேற்பக் கறியும் மாறியது. 1990களின் பிற்பகுதியில் நகரசபை அப்பகுதியைப் ‘பங்களா ரவுண்’ எனப் பெயரிட்டு விளம்பரப்படுத்தியது. 1989 இல் மூடப்பட்ட றூமன் மதுவடிசாலையின் கட்டடங்களிலே கலைக்கூடங்களும் கடைகளும் தோன்றின. உண்ண வந்தோரைத் தொடர்ந்து குடியிருக்க வந்தோரும் முதலிட வந்தோரும் பெருகினர், வாடகையும் உயர்ந்தது.

2020 இல் வெளியான றனிமீட் அறக்கட்டளையின் ஆய்வின்படி, ஏறத்தாழப் பதினைந்தாண்டுகளில் அங்கிருந்த கறி உணவுச்சாலைகள் 60 இலிருந்து 23 ஆகக் குறைந்தன. இதற்கு வாடகை மட்டுமே காரணமன்று. குடிவரவுச் சட்டங்களால் சமையலாளர் கிடைப்பது அரிதாயிற்று. கல்வி பெற்ற பிள்ளைகளும் வேறு தொழில்களை நாடினர். எனினும் முன்னைய மாற்றங்களுக்கும் இதற்குமுள்ள வேறுபாடு கருதற்பாலது. இம்முறை ஏழையின் இடத்துக்கு வந்தவன் செல்வன். வீதிக்கு மதிப்பீட்டிய உணவே தன்னைச் சமைத்தவனுக்கு அங்கு நிலைப்பதை அரிதாக்கியது. இனவெறியரின் வன்முறையால் அகற்ற முடியாதிருந்தோரை நிலத்தின் விலை ஓசையின்றி அகற்றி வருகின்றது.