வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம்

கடன் அட்டையை வழங்கிய நாட்டுக்கு வெளியே பதிவாகியுள்ள வணிகருக்குப் பணம் செலுத்தும்போது, பொருளின் விலைக்கு மேல் வங்கி பிடித்துக்கொள்ளும் தொகையே வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம். இந்திய வங்கிகளின் கட்டணப் பட்டியலில் ‘ஃபாரெக்ஸ் மார்க்கப்’ என்ற பெயரில் இதைக் காணலாம். விமானம் ஏறி வெளிநாடு போனால்தான் இந்தக் கட்டணம் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்தபடி இணையக் கடையில் வாங்கினாலும் இது உண்டு. விலையை ரூபாயிலேயே காட்டும் கடையிலும்கூட வரலாம். ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துத் திகைப்பவர்களில் பலர் இந்தக் கடைசி வகையில் மாட்டியவர்கள்.

கட்டணம் எப்படி உருவாகிறது

ஒரு அட்டைப் பரிவர்த்தனையில் வாங்குபவர், அவருக்கு அட்டை கொடுத்த வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு, வணிகரின் வங்கி, வணிகர் என ஐந்து தரப்புகள் இருக்கின்றன. வணிகர் வேறு நாட்டில் பதிவாகியிருந்தால் வலையமைப்பு அதை எல்லை தாண்டிய பரிவர்த்தனையாக எடுத்துக்கொண்டு, அட்டை கொடுத்த வங்கியிடம் கட்டணம் வாங்குகிறது. வங்கி தன் பங்கையும் அதனுடன் சேர்த்து வாடிக்கையாளர் கணக்கில் எழுதிவிடுகிறது. கடையின் இணைய முகவரி ‘டாட் இன்’ என்று முடிகிறதா, விலைக்கு முன்னால் எந்த நாணயக் குறி இருக்கிறது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. இந்திய வாடிக்கையாளர்களுக்காகவே தளம் நடத்தும் நிறுவனம் சிங்கப்பூரிலோ அயர்லாந்திலோ பதிவாகி, அங்கிருந்தே பணத்தைப் பெறலாம். அப்போது அது வெளிநாட்டுப் பரிவர்த்தனைதான்.

முன்பு கட்டணம் நாணய மாற்றத்தை ஒட்டியே இருந்தது. அமெரிக்காவில் விசாவும் மாஸ்டர்கார்டும் மாற்று விகிதத்திலேயே 1% சேர்த்துவிடும். வங்கிகள் பல அதன்மேல் இன்னும் 2% போடும். ஸ்டேட்மென்ட்டில் இது தனி வரியாக வராததால், கட்டணம் கட்டுகிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. இந்தக் கட்டணத்தைக் கூட்டுச் சேர்ந்து நிர்ணயித்தார்கள், வாடிக்கையாளருக்கு ஒழுங்காகத் தெரிவிக்கவில்லை என்று வழக்கு எழுந்தது. 2006-இல் 33.6 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. 1996 முதல் 2006 வரை வெளிநாட்டு நாணயத்தில் அட்டையைப் பயன்படுத்தியவர்கள் அதில் பங்கு கோர முடிந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2005 வாக்கில், வலையமைப்புகள் தங்கள் முறையை மாற்றிக்கொண்டன. நாணயம் மாறாவிட்டாலும் எல்லை தாண்டினாலே கட்டணம் என்றாயிற்று. கட்டணம் வெளிச்சத்துக்கு வந்தது, அதே சமயம் அதன் வலையும் அகலமானது.

இந்தியக் கணக்கு

இந்தியாவில் சாதாரண அட்டைகளுக்கு 3.5% என்பது பரவலான விகிதம். உயர்வகை அட்டைகளில் 2% அளவுக்கு இறங்கும். மார்க்கப்பே இல்லாத சில அட்டைகளும் உண்டு. கட்டணத்தின் மேல் 18% ஜி.எஸ்.டி. சேர்வதால் 3.5% என்பது உண்மையில் 4.13% ஆகிறது.

100 டாலர் விலையுள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். வலையமைப்பின் அன்றைய விகிதம் டாலருக்கு 85 ரூபாய் என்றால் பொருளின் விலை 8,500 ரூபாய். மார்க்கப் 297.50, அதற்கு வரி 53.55. மொத்தம் 8,851 ரூபாய் 5 காசு. கட்டணமும் வரியும் சில வங்கிகளில் தனித்தனி வரிகளாக, பொருள் வாங்கிய நாளிலிருந்து சில நாள் தள்ளி எழுதப்படும். எந்தப் பொருளுக்கு எந்தக் கட்டணம் என்று ஜோடி சேர்ப்பது வாடிக்கையாளரின் வேலை. வாங்கிய நாளின் விகிதமும் நிலைக்காது. வணிகர் பணத்தைக் கோரிக் கணக்குத் தீரும் நாளின் விகிதமே பெரும்பாலும் பொருந்தும்.

ரூபாயில் கட்டுவது

வெளிநாட்டுத் தளங்கள் சில, பணம் கட்டும் கட்டத்தில் ‘டாலரில் கட்டுகிறீர்களா, ரூபாயிலா?’ என்று கேட்கும். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை வணிகர் தரப்பே நிர்ணயிக்கிறது. அவர்களுடைய லாபமும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். மேற்சொன்ன பொருளுக்கே அவர்கள் 4% கூட்டி 88.40 என்று விகிதம் போட்டால் விலை 8,840 ரூபாய். கதை அதோடு முடிவதில்லை. வணிகர் வெளிநாட்டில் இருப்பதால், ரூபாயில் நடந்த வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்று வங்கி 1% கட்டணமும் அதற்கு வரியும் போட்டால் மொத்தம் 8,944 ரூபாயைத் தாண்டுகிறது. டாலரில் கட்டியிருந்தால் 93 ரூபாய் மிச்சம். மார்க்கப் குறைவான அட்டை வைத்திருப்பவருக்கு நஷ்டம் இதைவிட அதிகம். கையில் எவ்வளவு போகும் என்பது உடனே தெரிகிறது என்பதைத் தவிர, ரூபாயைத் தேர்வதில் வாங்குபவருக்கு வேறு ஆதாயம் இருப்பது அரிது.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த முறைக்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. 2019-இல் இயற்றிய விதிகளின்படி, 2020 ஏப்ரல் 19 முதல், ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பதைப் பணம் கட்டுமுன்பே காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் 3% வரையிலான வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் வழக்கத்தில் இருந்தது. வெளிநாட்டுக் கடையில் ஆஸ்திரேலிய டாலரில் வாங்கியவர்களுக்கும் அது விழுந்தது. அந்நாட்டுப் போட்டி, நுகர்வோர் ஆணையம் அந்நியச் செலாவணிச் சேவைகளை விசாரித்து 2019-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தக் கட்டணங்களும் இடம்பெற்றன.

இந்தியாவில் 2014 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை வேறொரு கோணத்தில் வந்தது. இந்தியாவுக்குள் கிடைக்கும் பொருளுக்கோ சேவைக்கோ இந்திய அட்டையால் இணையத்தில் பணம் கட்டினால், அது இந்திய வங்கி வழியாக ரூபாயிலேயே தீர்க்கப்பட வேண்டும் என்றது. பணம் கட்டுபவர் அட்டைக்கு உரியவர்தானா என்று பார்க்கும் கூடுதல் சரிபார்ப்பைத் தவிர்க்க, உள்ளூர்ச் சேவைக்கான பணத்தை வெளிநாட்டு வங்கி வழியாகச் சுற்றவிட்ட பழக்கம் இதன் இலக்கு. வெளிநாட்டிலிருந்து அனுப்பப்படும் பொருளுக்கு இது பொருந்தாது. 2020 முதல், புதிய அட்டைகளில் சர்வதேசப் பயன்பாடு முடக்கப்பட்டே வருகிறது. வாடிக்கையாளர் செயலியில் தானே திறந்துவிட வேண்டும். அந்தப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே கட்டண விகிதத்தையும் எழுதிவைத்தால் பாதித் தகராறு தீரும்.

பொருளைத் திருப்பினால்

திருப்பி அனுப்பிய பொருளுக்கு வணிகர் 100 டாலரை முழுமையாகத் தந்தாலும், ரூபாய்க் கணக்கு சரியாக வருமென்பதில்லை. அந்த நாளின் விகிதம் 84 என்றால் திரும்புவது 8,400. மார்க்கப்பை வங்கி திருப்பித் தராவிட்டால் 451 ரூபாய் வாங்குபவர் தலையில் விழுகிறது. வணிகரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அந்தக் காசு அவர் கைக்குப் போகவே இல்லை. வங்கியிடம் கேட்டால், அட்டை வழங்கும்போது கொடுத்த கட்டண அட்டவணையைக் காட்டும். சுங்கத் தீர்வை கட்டியிருந்தால் அது தனிக் கணக்கு, அட்டை நிறுவனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

விசாவும் மாஸ்டர்கார்டும் தங்கள் அன்றாட மாற்று விகிதங்களை இணையத்தில் வெளியிடுகின்றன. வங்கியின் மார்க்கப்பை அவற்றின் கணிப்பானில் இட்டால் ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ஜி.எஸ்.டி.யை மட்டும் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.