பரம்பரை

பரம்பரை என்றதும் நமக்குப் பாட்டனாரும் பூர்வீகச் சொத்தும்தான் நினைவுக்கு வரும். திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு. அங்கே அது குத்துச்சண்டைக் கோஷ்டியின் பெயர். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்றால் வாத்தியாரும் அவருடைய சீடர்களும் என்று அர்த்தம்.

வெள்ளைக்காரர் கொண்டுவந்த கையுறையைத் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் மாட்டிக்கொண்டார்கள். 1940களில் நாட் டெர்ரி என்பவரிடம் பரம்பரை வீரர்கள் பலர் தோற்றபோது, அவரை வென்று மானத்தைக் காத்தவர் சார்பட்டாவின் கித்தேரி முத்து. 1980-ல் முகமது அலியே சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் பந்தயம் ஆடினார்.

இந்த வெற்றி தோல்விகளில் பெரும்பாலானவை ஏட்டில் ஏறியவை அல்ல. கிழவர்கள் சொல்ல, பிள்ளைகள் கேட்டு வைத்துக்கொண்டவை. 2021-ல் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்தபோதுதான் வெளியூர்க்காரர் பலருக்கு இந்தப் பெயரே தெரிந்தது.

ரத்தத்தால் வருவது ஒரு பரம்பரை. வித்தையால் வருவது இன்னொன்று. முன்னதன் சொத்துக்குப் பட்டா உண்டு. பின்னதற்கு ஞாபகம்தான் பட்டா.