இஞ்சியும் சுக்கும்: ஒரு வீட்டு மருந்தின் வரலாறு

டில்லியிலோ நாகபுரியிலோ புதிதாகக் குடியேறும் தமிழ்க் குடும்பத்தினர் கடைத்தெருவில் முதன்முதலாகக் கற்றுக்கொள்ளும் சொற்களுள் ‘அத்ரக்’ என்பது ஒன்று. சில நாட்களில் மற்றொரு சொல்லும் தேவைப்படும். சளி பிடித்த குழந்தைக்குக் கஷாயம் வைக்கச் சுக்கு வாங்கப் போகும்போது, கடைக்காரரிடம் ‘சோண்ட்’ என்று கேட்டால்தான் அது கிடைக்கும். பொருள் ஒன்றே, ஈரமாக இருக்கும்போது ஒரு பெயர், உலர்ந்தபின் வேறொரு பெயர். தெலுங்கர் அல்லம் என்றும் சொண்டி என்றும் பிரித்து வழங்குவர். வடமொழியில் ஆர்த்ரகம் என்றால் ஈரமுள்ளது என்று பொருள், உலர்ந்தது சுண்டி. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் பெயர் ஒன்றே. உலர்ந்ததைக் குறிக்க ஓர் அடைமொழியைச் சேர்த்துக்கொள்வார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் போன்றவர்களுக்கு இவ்வேறுபாடு பொருள் பொதிந்ததாகத் தோன்றுகிறது. ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் வைத்தவர்கள் அதனை இரண்டு மருந்துகளாகவே கருதினார்கள்.

இஞ்சி காட்டில் தானாக முளைத்துக் கிடக்கும் செடியன்று. மனிதன் கிழங்கைத் துண்டாக்கி நட்டு வளர்த்தாலன்றி அது பரவாது. ஆகவே, அது எங்கெங்கே சென்றதோ அங்கெல்லாம் அதனை ஒருவர் எடுத்துச் சென்றிருக்க வேண்டும். அதன் பெயரும் அவ்வாறே பயணம் செய்தது. தமிழிலும் மலையாளத்திலும் இஞ்சி என வழங்கும் சொல்லோடு ‘வேர்’ என்பது சேர்ந்து, வடமொழியில் சிருங்கவேரம் என்றும் பாலியில் சிங்கிவேரம் என்றும் ஆயிற்று என்பது மொழிநூலார் பலர் கருத்து. கொம்பு போன்ற வடிவுடையது என்று வடமொழியார் அதற்குக் கூறிய விளக்கம் பின்னர்ப் பொருத்தப்பட்டதாகவே தோன்றுகிறது. அங்கிருந்து கிரேக்கத்தில் சிங்கிபெரிஸ், இலத்தீனில் சிஞ்சிபெர், இறுதியில் ஆங்கிலத்தில் ஜிஞ்சர் என அது உருமாறியது.

நம் பழைய இலக்கியத்திலும் இஞ்சிக்கு இடமுண்டு. மதுரைக்காஞ்சி, மலைநிலத்து விளைபொருள்களைக் கூறுமிடத்தில் இஞ்சியையும் மஞ்சளையும் சேர்த்தே சொல்கிறது. பொங்கற் பானையின் கழுத்தில் இன்றும் இவ்விரண்டின் கொத்துகளும் ஒன்றாகவே கட்டப்படுகின்றன. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய திரிகடுகம், மருந்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் உடல்நோயைத் தீர்ப்பதுபோல, பாட்டுக்கு மூன்று கருத்துகளாகச் சொல்லி உள்ளத்து நோயைத் தீர்க்க முயன்றார் அதன் ஆசிரியர் நல்லாதனார். கற்றோர் மட்டுமன்றி யாவரும் அறிந்த மருந்தாக இருந்தாலன்றி ஒரு நீதிநூலுக்கு அப்பெயர் பொருந்தியிராது. ஆயுர்வேத நூல்கள் சுக்குக்கு விசுவபேஷஜம், அதாவது எல்லாவற்றுக்குமான மருந்து, என்றே பெயரிட்டன. சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்னும் நம் பழமொழியும் அதையே சொல்கிறது.

இம்மூன்று சரக்குகளும் கடல் கடந்து சென்ற கதை சுவையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி அவற்றின் விலைகளை எழுதி வைத்திருக்கிறார். ஒரு ராத்தல் கருமிளகு 4 தினாரியம், இஞ்சி 6, திப்பிலி 15. இஞ்சி அரேபியாவில் விளைவது என்று அவர் நினைத்தார். விற்றவர் நாட்டையே விளைந்த நாடென்று கொண்டார் போலும். அதே நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயாஸ்கரிடீஸ், இஞ்சி உடலுக்குச் சூடு தரும், செரிமானத்துக்கு உதவும், வயிற்றுக்கு நல்லது என்று எழுதினார். நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதும் இதுவேயன்றோ!

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கொல்லத்து இஞ்சியைக் குறிப்பிட்டார். 14-ஆம் நூற்றாண்டில் கோழிக்கோட்டுக்கு வந்த இபன் பதூதா, அங்கு நின்ற சீனக் கப்பல்களில் மாலுமிகள் மரத்தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் பயிரிட்டதாக எழுதியிருக்கிறார். கோவாவில் மருத்துவராயிருந்த கார்சியா த ஓர்த்தா 1563-இல் அச்சிட்ட நூலில் இஞ்சிக்கெனத் தனி உரையாடல் ஒன்றை அமைத்தார். கொச்சியை ஆண்ட டச்சுத் தளபதி வான் ரீட், இட்டி அச்சுதன் முதலிய உள்நாட்டு வைத்தியர்களின் துணையுடன் தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் இஞ்சி தன் சொந்தப் பெயருடனேயே இடம்பெற்றது. 1807-இல் ராஸ்கோ என்னும் ஆங்கிலேயர் இட்ட தாவரவியற் பெயரின் பிற்பகுதியான ‘அஃபிசினாலே’ என்பதற்கு, மருந்துக் கிடங்குக்குரியது என்பதே பொருள்.

பிறகு வேதியியலார் வந்தனர். 1879-இல் திரெஷ் என்பவர் இஞ்சியின் காரப்பொருளைப் பிரித்தெடுத்து ஜிஞ்சரால் என்று பெயரிட்டார். இஞ்சியை உலர்த்தும்போது ஜிஞ்சராலின் ஒரு பகுதி நீரை இழந்து ஷோகாவால் என்னும் வேறொரு பொருளாக மாறுகிறது என்பது பின்னர்த் தெரியவந்தது. இஞ்சியை விடச் சுக்கு உறைப்பதன் காரணம் இதுவே. இரண்டு பெயர் வைத்த நம் முன்னோருக்கு இந்த வேதியியல் தெரியாது. ஆனால் அவர்களுடைய நாவும் வயிறும் வேறுபாட்டை அறிந்திருந்தன.

மருந்தின் பயனையும் இக்காலத்தார் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். 1982-இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்றில், 36 பேரைச் சுழலும் நாற்காலியில் அமர்த்திப் பார்த்தபோது சுக்குப்பொடி குமட்டலைத் தள்ளிப்போட்டது. பயணக் குமட்டலைப் பற்றிப் பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. கருவுற்ற மகளிரின் குமட்டலைத் தணிப்பதில் அதற்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. சளிக்கும் இருமலுக்கும் சுக்குநீர் தொண்டைக்கு இதம் தரும். நோயை வேரோடு களைந்துவிடும் என்று சொல்வதற்கில்லை.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இங்கே ஒரு கடமை இருக்கிறது. ஊரில் மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தபோது, மருந்தோடு அதன் முறையும் அளவும் கைமாறின. இஞ்சிச் சாற்றைத் தெளியவைத்து அடியில் படியும் வண்டலை நீக்க வேண்டும். சுக்கின் மேல்தோலைச் சீவ வேண்டும். தீபாவளி மருந்தை நெல்லிக்காயளவே உண்ண வேண்டும். இவையெல்லாம் ஏட்டில் எழுதப்படாமல் கண்ணால் பார்த்துக் கற்றவை. இரண்டு அறை வீட்டில் தனியே குடித்தனம் நடத்தும் இளந்தம்பதியரிடம் மருந்தின் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது. அளவு வழியிலேயே தங்கிவிட்டது. அவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அதனினும் முக்கியமானது, எல்லை அறிதல். அந்தப் பாட்டியே, “இது கஷாயத்துக்கு அடங்காது, வைத்தியரைக் கூப்பிடு” என்று சொல்லவும் அறிந்திருந்தார். மூன்று நாள் கடந்தும் தணியாத காய்ச்சல், குழந்தைக்கு மூச்சுத் திணறல், நிற்காத வயிற்றுப்போக்கு ஆகியவை சிறுநோய்கள் அல்ல. அவற்றுக்குச் சுக்கை நம்பிக் காலம் தாழ்த்தல் ஆகாது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இஞ்சியை மிகுதியாக உட்கொள்ளக் கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இஞ்சிச் சாற்றோடு தேன் குழைத்துக் கொடுப்பதும் தவறு.

எல்லாவற்றுக்குமான மருந்து என்று பழையோர் புகழ்ந்தது அன்பின் மிகுதியால் எனக் கொள்வோம். சிறு துன்பங்களுக்குச் சிறந்த துணை என்னும் பெருமையே அதற்குப் போதும். அத்ரக் என்றோ ஆதா என்றோ கேட்டு வாங்கினாலும், அடுப்பில் கொதிக்கும்போது எழும் மணம் நம் வீட்டு மணமே.