சாக்ஸபோனின் சகவாசம்

ஆசிரியர் கலாசாலையில் நான் பயிற்சி பெற்ற காலத்தில், அழகியல் பாட விரிவுரையாளர் ஒருவர் ஒரு பிற்பகல் எங்களுக்கு ஒலிநாடா ஒன்றைப் போட்டார். வயலின்களும் அவற்றிலும் பெரிய நரம்புக் கருவிகளும் சேர்ந்து ஒலிக்க, நடுவே ஒரு காற்றுக் கருவி தனியாக எழுந்தும் தாழ்ந்தும் போய்க்கொண்டிருந்தது. என்ன கருவி என்று எழுதித் தரச் சொன்னார். கிளாரினெட் என்று பலர் எழுதினோம். ஒருவர் நாகசுரம் என்றும் எழுதியிருந்தார். விரிவுரையாளர் சிரித்துவிட்டு, "சாக்ஸபோன்" என்றார். எங்களால் நம்ப முடியவில்லை. எங்களுக்குச் சாக்ஸபோன் என்றால் பைலாப் பாட்டு, கொழும்பு ஹோட்டல், ஆங்கிலப் படத்தின் மதுச்சாலைக் காட்சி. கூடிப்போனால் 'டூயட்' படம். இவ்வளவு அடக்கமாக, ஏறக்குறைய துஆக் கேட்பது போல அது ஒலிக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அது ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்ஸாண்டர் கிளாசுனோவ் எழுதிய கொன்சேர்ட்டோ. ஒரு தனிக் கருவிக்கும் ஒரு வாத்தியக் குழுவுக்கும் இடையே நடக்கும் நீண்ட உரையாடல் என்று கொன்சேர்ட்டோவை விளங்கிக்கொள்ளலாம். பின்னர் அதன் கதையைத் தேடி வாசித்தபோது, அது இசையைப் பற்றிய கதை மட்டுமல்ல, நம்மூர்க் கதையும்தான் என்று எனக்குப் பட்டது. ஒரு கருவியை மனிதர் எதைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள்? அதன் ஓசையைக் கொண்டா, அது யாரோடு சேர்ந்து திரிந்தது என்பதைக் கொண்டா?

சாக்ஸபோனை உருவாக்கியவர் பெல்ஜியத்தின் தினான் நகரில் 1814இல் பிறந்த அடொல்ஃப் சாக்ஸ். 1846இல் பாரிஸில் அதற்குக் காப்புரிமை பெற்றார். உடம்பு பித்தளை, வாயில் வைப்பது கிளாரினெட்டுக்குப் போல ஒற்றை நாணல். இராணுவ பாண்டு வாத்தியக் குழுக்கள் அதை ஏற்றுக்கொண்டன. சிம்பொனிக் குழுவோ எப்போதாவது உள்ளே கூப்பிட்டு, வேலை முடிந்ததும் வெளியே அனுப்பிவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசை அதை வாரியெடுத்துக்கொண்டது. அதன் பிறகு நடன விடுதியும் மதுக்கிண்ணமும்தான் அதன் முகவரி என்றாகிவிட்டது.

இந்த முகவரியை மாற்ற முனைந்தவர் சிகுர்ட் ரஷர். ஜேர்மனியின் எல்பர்ஃபெல்டில் 1907இல் பிறந்தவர். 1933இல் நாஸிகள் ஆட்சிக்கு வந்தபின் ஜேர்மனியை விட்டு டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் போனார். வடக்கு என்றால் நமக்கு யாழ்ப்பாணம். ஐரோப்பியருக்கு வடக்கு என்பது இந்தக் குளிர்தேசங்கள். அங்கிருந்துகொண்டு இசையமைப்பாளர்களை விடாமல் துரத்தினார்: என் கருவிக்கு எழுதித் தாருங்கள், மரியாதையான ஒன்றை எழுதித் தாருங்கள்.

கிளாசுனோவ் அப்போது பாரிஸில் இருந்தார். சென் பீட்டர்ஸ்பேர்க் இசைக் கல்லூரியின் அதிபராக நெடுங்காலம் இருந்தவர். 1928இல் நாட்டைவிட்டு வந்தவர் திரும்பவேயில்லை. கேட்டவரும் எழுதியவரும் நாட்டைவிட்டு வந்தவர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக் கொட்டில்களில் இருந்த நம்மவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வார்த்தையின் பாரம் தெரியும். 1934இல், எழுபதை நெருங்கும் வயதில், சாக்ஸபோனுக்கும் நரம்புக் கருவிக் குழுவுக்கும் என்று அந்தக் கொன்சேர்ட்டோவை அவர் எழுதினார். அந்த ஆண்டு நவம்பரில் சுவீடனின் நிஷோப்பிங் நகரில் ரஷர் அதை முதன்முதலில் வாசித்தார். நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகப் போவது. கால் மணி நேரம்கூட எடுக்காது. 1936இல் கிளாசுனோவ் மௌத்தானார்.

அதே 1934இல், அதே ரஷருக்காக, அதே சேர்க்கைக்கு இன்னொருவரும் எழுதினார். சுவீடன்காரரான லார்ஸ் எரிக் லார்சன், வயது இருபத்தாறு. கிளாசுனோவ் பழைய காலத்து மனிதர். அவருடைய இசையில் கடந்துபோன ஒரு நூற்றாண்டு திரும்பிப் பார்க்கிறது. லார்சனோ வியன்னாவில் அல்பன் பேர்க்கிடம் படித்துவிட்டு வந்த இளைஞர். கருவியின் வழக்கமான எல்லைக்கு மேலே உள்ள சுரங்களை எட்டச் சொல்லி வாசிப்பவரை மூச்சுவாங்க வைக்கிறார். எனக்குக் கிளாசுனோவ்தான் பிடிக்கும். ஆனால் ஒரு கருவிக்கு ஒரே ஆண்டில் ஒரு முதியவரும் ஓர் இளைஞரும் எழுதியதுதான் அதன் அதிர்ஷ்டம் என்பேன். பின்னாளில் ரஷருக்கென எழுதப்பட்ட படைப்புகள் இருநூறைத் தாண்டின.

இதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1938இல், நாஸிகள் டுசல்டோர்ஃப் நகரில் 'சீரழிந்த இசை' என்று ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதன் சுவரொட்டியில் ஒரு கறுப்பினத்தவர் கேலிச்சித்திரமாக நிற்கிறார். நெஞ்சில் யூதரின் நட்சத்திரம், கையில் சாக்ஸபோன். தாங்கள் வெறுத்த இரண்டு இனத்தாரையும் ஓர் ஓவியத்தில் சேர்த்துக் கட்டுவதற்கு அவர்களுக்குக் கிடைத்த கயிறு அந்தக் கருவி. அதன் ஓசையைப் பற்றி யாருக்கு அங்கே கவலை?

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். கர்நாடக மாநிலத்தின் மங்களூர்ப் பக்கத்தில் நாகசுரக் கலைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியக் குழுவில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கினார். நாகசுரத்தை வைத்துவிட்டு அதைக் கையில் எடுத்தார். இது இலேசான காரியமல்ல. சாக்ஸபோனின் சாவிகள் சுரத்தைப் படிப்படியாக வெட்டித் தருபவை. கர்நாடக சங்கீதமோ ஒரு சுரத்திலிருந்து மற்றதற்கு வழுக்கியும் அசைந்தும் போவது. அவர் கருவியின் சாவிகளில் தன் தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்தார். மிச்சத்தை உதட்டாலும் மூச்சாலும் சாதித்தார். சென்னையில் ரி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கற்றார். சம்மணமிட்டு உட்கார்ந்து, நெற்றியில் குறியோடு, பளபளக்கும் அந்தப் பித்தளையை மடியில் சாய்த்து அவர் வாசித்ததை முதலில் பார்த்தவர்கள் சிரித்திருக்கவும் கூடும். 1994இல் இலண்டன் றோயல் அல்பர்ட் மண்டபத்தில் பி.பி.சி.யின் புரொமனேட் இசைவிழாவுக்கு அழைக்கப்பட்டார். 'டூயட்' வந்ததும் அதே ஆண்டில்தான். 2019இல் காலமானார்.

அவரது கச்சேரியில் பக்கவாத்தியமாக வயலின் இருக்கும். பல மேடைகளில் ஏ. கன்யாகுமரி வாசித்தார். சுவீடனில் ஒரு நரம்புக் கருவிக் குழுவே செய்த வேலையைச் சென்னையில் ஒற்றை வயலின் செய்தது. அந்த வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதானே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கையில் எடுத்த பிறகு, இன்று அதை அந்நியக் கருவி என்று சொல்வாரில்லை. நம் வாவிக்கரையிலும் மட்டக்களப்புப் பறங்கியரின் கல்யாண வீட்டுக் கப்ரிஞ்ஞா நடனத்துக்கு வயலின்தான் உயிர்.

நாகசுரத்தை ஒரு நாகசுரக்காரர் மகன் கீழே வைத்த கதையைச் சொன்னேன். அதை எடுத்துப் பிடித்த நம்மவர் ஒருவரின் கதையையும் சொல்லவேண்டும். ஆந்திராவின் கரவடியில் 1924இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, தலைமுறைகளாக நாகசுரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தவர். தஞ்சைப் பாணியைத் தேடி வந்து நாச்சியார்கோவிலில் கற்று, ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். 1998இல் சென்னை மியூசிக் அகாதமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்தது. மறு ஆண்டு அவர் வபாத்தானார். கோயில் வாசலில் வாசிக்கும் கருவி என்று அவர் அதை ஒதுக்கவில்லை. துலுக்கன் வாசிக்கிறான் என்று ரசிகர்களும் அவரை ஒதுக்கவில்லை. இதைச் சரியென்றோ பிழையென்றோ தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்லன். நடந்ததைச் சொல்கிறேன்.

ஆனால் ஆலிம்களில் பெரியவர் ஒருவர் சொன்னதை இங்கே எடுத்துக்காட்டலாம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் இசை கேட்பதற்கென்றே ஒரு தனிப் பகுதி எழுதியிருக்கிறார். நரம்புக் கருவிகளையும் சில குழல்களையும் அவர் விலக்குகிறார். காரணம்தான் கவனிக்கத்தக்கது. அவை இன்பம் தருவதால் அல்ல. குடிகாரர் சபையின் அடையாளமாக அவை ஆகிவிட்டதால். அந்த அடையாளம் இல்லாத தஃபையும் வேறு சில கருவிகளையும் அவர் விலக்கவில்லை. ஏனைய இமாம்களிடம் இதில் கருத்து வேறுபாடு உண்டு, எனக்குத் தெரியும். ஆயினும் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் அவர் எழுப்பிய கேள்வி சகவாசத்தைப் பற்றியது. 1903இல் பாப்பரசர் பத்தாம் பயஸ், தேவாலயத்தில் பியானோவும் மேளமும் ஒலிக்கக்கூடாது என்று விதித்ததன் பின்னாலும் இதே போன்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் கிராமத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது. றபானுக்கும் தாயிராவுக்கும் என்ன கெட்ட சகவாசம் இருந்தது? கல்யாண வீட்டில் பெண்கள் றபான் தட்டிப் பாடியதை உம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். களிகம்பு அடித்தவர்களை நானே சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பக்கீர் பாவாமார் தாயிரா அடித்துப் பாடியது அவ்லியாக்களின் புகழை. பெருநாளன்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் வீட்டில் சிறுமியர் தஃப் தட்டிப் பாடியதையும், அபூபக்கர் (ரலி) கண்டித்தபோது நபி (ஸல்) அவர்கள் அவர்களை விட்டுவிடச் சொன்னதையும் நம் பிள்ளைகள் ஹதீஸில் படிக்கிறார்கள். தஃப் எப்படியிருக்கும் சேர் என்று ஒரு மாணவன் கேட்டபோது கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து காட்டினேன். மீன் பாடுகிறது என்று பெயரெடுத்த வாவியின் கரையில், ஒரு தோற்கருவியை நான் வெண்கட்டியால் வரைய வேண்டியிருந்தது.

நோன்பு காலத்தில் சஹருக்கு எழுப்ப எங்கள் தெருவழியே தாயிரா தட்டிக்கொண்டு வந்த பாவா மௌத்தாகிச் சில வருடமாகிறது. இப்போது ஒலிபெருக்கியும் கைத்தொலைபேசியும் எழுப்புகின்றன. சென்ற நோன்புக்கு முன் அவரது பேரன் அந்தத் தாயிராவைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, வீட்டில் வைக்க இடமில்லை, பள்ளிக்கூடத்துக்கு உதவுமா என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் வைத்தால் என்னென்ன பேச்சு வருமோ என்று என் வீட்டு அலுமாரியின் மேல் வைத்திருக்கிறேன். தோல் நடுவில் விரலளவு கிழிந்திருக்கிறது. புதுத்தோல் போர்த்தத் தெரிந்த ஒருவர் ஏறாவூர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. அடுத்த தவணை விடுமுறையில் போய் விசாரிக்க வேண்டும்.