இரண்டு ஏரிகளின் கரையோரம்: பேர்ணிலிருந்து லூசேர்ன் வரை ஒரு வீதிப்பயணம்

சுவிற்சர்லாந்துக்கு 1980களில் அகதிகளாக வந்த எம்மவரில் பலர் உணவகச் சமையலறைகளில்தான் தங்கள் வாழ்க்கையைத் தொடங்கினர். மலையையும் ஏரியையும் பார்க்க உலகமே வந்துபோகும் ஊர்களில் வேலை செய்தும், அந்த ஏரிக்கரையில் ஆறுதலாக ஒரு மணிநேரம் இருந்திராத பெற்றோர் எம்மிடையே இன்றும் உள்ளனர். பிள்ளைகள் வாகனம் ஓட்டும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அம்மா அப்பாவை ஏற்றிக்கொண்டு ஒரே நாளில் போய்வரக்கூடிய பாதை ஒன்றை இங்கே தருகிறோம்.

பேர்ணிலிருந்து தூண், இன்டர்லாக்கன், பிறியன்ஸ் ஊடாக லூசேர்ன் வரை ஏறத்தாழ 130 கிலோமீற்றர். அதிவேக வீதியில் ஏறுவதானால் 40 பிராங் பெறுமதியான வருடாந்த வின்யெட் கட்டாயம். தூணில் அதிவேக வீதியை விட்டிறங்கி, ஏரியின் வடகரை வீதியைப் பிடியுங்கள். ஓபர்ஹோபன் கோட்டை, பெயாத்துஸ் குகைகள் ஆகியவை இந்தக் கரையிலேயே உள்ளன. கோடையிலும் குகைக்குள் குளிரும், முதியவர்களுக்குக் கம்பளிச்சட்டை எடுத்துச் செல்லுங்கள்.

தூண் ஏரியும் பிறியன்ஸ் ஏரியும் பனியுகம் முடிந்த காலத்தில் ஒரே ஏரியாக இருந்தவை. லுட்சினே, லொம்பாக் ஆகிய ஆறுகள் மலையிலிருந்து அடித்துவந்த மண்ணும் கல்லும் நடுவே படிந்து ஏரியை இரண்டாகப் பிரித்தன. அந்தப் படிவு நிலத்தில்தான் இன்று இன்டர்லாக்கன் இருக்கிறது. ஊரின் பெயருக்கே 'ஏரிகளுக்கு இடையில்' என்றுதான் பொருள்.

பிறியன்ஸ் ஏரியின் ஆழம் 260 மீற்றர். அதன் பச்சை கலந்த நீலநிறம் பனிப்பாறைகள் அரைத்த கல்மாவினால் வருவது. ஆரே ஆறும் லுட்சினேயும் கொண்டுவரும் இந்த மெல்லிய தூள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிக்கிறது. பனிப்பாறை நீர் என்பதால் ஆடியிலும் ஆவணியிலும்கூட ஏரி குளிர்ந்தே இருக்கும். வெயிலில் நின்ற உடம்போடு திடீரெனக் குதிப்பது உயிருக்கே ஆபத்து. சிறுவர்களைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள்.

கரையோரச் செம்மஞ்சள் விளக்குகளையும் கவனியுங்கள். நிமிடத்துக்கு 40 தடவை மின்னினால் பலத்த காற்று வரக்கூடும் என்று பொருள். 90 தடவை மின்னினால் புயல் நெருங்கிவிட்டது, உடனே கரையேற வேண்டும். மழைநாளில் மலையோடைகளின் அருகே வாகனத்தை நிறுத்தாதீர்கள். பிறியன்ஸில் 2005 ஆகஸ்ட்டில் ஓடைவழி வந்த சேறும் பாறையும் இருவரைப் பலிகொண்டன. 2024 ஆகஸ்ட்டிலும் அதே ஊர் இதேபோன்ற அழிவைக் கண்டது.

பிறியன்ஸில் வாகனத்தை நிறுத்திவிட்டுக் கப்பலில் கீஸ்பாக் அருவிக்குப் போகலாம். இறங்குதுறையிலிருந்து மேலே ஏற, 1879இல் தொடங்கிய கயிற்றுத் தொடருந்து இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களும் சிரமமின்றிப் போய்வரலாம். 1892 முதல் றொட்ஹோர்ண் மலைக்கு ஏறும் நீராவித் தொடருந்தும் இந்த ஊரிலிருந்தே புறப்படுகிறது.

அடுத்து 1008 மீற்றர் உயரமுள்ள புறூனிக் கணவாய். இறங்கும்போது தடையை மிதித்துக்கொண்டே வராமல், குறைந்த கியரில் இறங்குங்கள். ஒடுங்கிய மலைவீதியில் இரு வாகனங்கள் எதிரெதிரே வந்தால் பொதுவாக ஏறுபவருக்கே முதலிடம். மஞ்சள் ஊதுகுழல் படம் போட்ட பலகை உள்ள வீதிகளில் அஞ்சல் பேருந்துக்கு வழிவிட வேண்டும், அதன் சாரதி காட்டும் சைகைக்கும் கட்டுப்பட வேண்டும்.

கணவாய்க்கு அப்பால் லுங்கேர்ண் ஏரி. பயிர்நிலம் போதாத ஊர்மக்கள் சுரங்கம் வெட்டி, 1836இல் இதன் நீரைப் பெருமளவு வடியவிட்டுப் புதுநிலம் பெற்றார்கள். பின்னர் நீர்மின்சாரத்துக்காக நீர்மட்டம் மீண்டும் உயர்த்தப்பட்டது. நிலத்துக்காக ஒரு சிற்றூர் பட்ட பாட்டை எம் பெற்றோருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒரு துண்டு நிலத்தின் அருமையை அதை இழந்தவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

இந்த ஏரிக்கரையில் பாயை விரித்து, கட்டிக்கொண்டு போன புட்டையும் சம்பலையும் பிரியுங்கள். லூசேர்னுக்கு அரைமணிநேரம் பிந்திப் போனாலும் பரவாயில்லை. அம்மாவும் அப்பாவும் போதும் என்று சொல்லும் வரை இருக்கட்டும்.