ஆள் கணக்கிலிருந்து புள்ளிக் கணக்கு வரை: வேலை மதிப்பீட்டின் ஒரு வரலாறு

ஒரு வேலையைத் தொடங்கும் முன் அது எவ்வளவு உழைப்பைக் கேட்கும் என்று சொல்வது மதிப்பீடு. முடிந்தபின் எவ்வளவு நடந்திருக்கிறது என்று பார்ப்பது அளவை. அதற்கு ஈடாகத் தருவது கூலி. இம்மூன்றையும் ஒரே எண்ணில் அடக்கும் முயற்சி பல துறைகளில் நடந்திருக்கிறது. கள்ளக்குறிச்சிப் பகுதியின் ரிஷிவந்தியம் வட்டாரத்து மண்வேலையையும், மென்பொருள் துறையில் சிறு சுற்றுகளாக வேலை செய்யும் அஜைல் குழுக்களையும் அருகருகே வைத்து, அந்த முயற்சி மதிப்பீட்டை என்ன செய்தது என்று ஆராய்கிறது இக்கட்டுரை.

1. ஆள் கணக்கு

கள்ளக்குறிச்சிச் சீமையில் வரப்பு வெட்டவோ கரும்புக்குச் சோகை உரிக்கவோ ஆள் கூப்பிடுகிறவர், "நாலு ஆள் வேலை" என்பார். நிலத்தின் இறுக்கம், வெயில், வேலை செய்பவரின் கைவாகு எல்லாம் அந்தச் சொல்லில் அடக்கம். போன பருவத்தில் வெட்டிய வரப்புதான் அவருக்கு அளவுகோல்.

மென்பொருள் துறையும் ஆள்–மாதக் கணக்கில்தான் தொடங்கியது. அந்த அலகின் ஓட்டையை 1975இல் எடுத்துக்காட்டியவர் பிரெடரிக் புரூக்ஸ். ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 பணியை நடத்திய அனுபவத்திலிருந்து, ஆளும் மாதமும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளக்கூடியவை அல்ல என்றார். தாமதமான மென்பொருள் பணியில் ஆள் கூட்டினால் தாமதமும் கூடும் என்றார். நடவுக்கு ஆளைக் கூட்டலாம். கிணறு வெட்டும் குழிக்குள் கூட்டினால் ஒருவர் கடப்பாரை இன்னொருவர் மேல் படும்.

2. எண்ணே கூலியானபோது

தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரி 2 அன்று 200 மாவட்டங்களில் தொடங்கியது. அவற்றுள் விழுப்புரமும் ஒன்று. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கும்வரை ரிஷிவந்தியம் விழுப்புரத்தில்தான் இருந்தது. திட்டத்துக்கான சட்டத்தின் அட்டவணை ஒரு மதிப்பீட்டைக் கேட்டது: சாதாரணமாக ஒருவர் ஏழு மணி நேரம் உழைத்தால் ஒரு நாள் கூலி கிடைக்கும்படி, வேலையின் அளவுக்கு விலை குறிக்க வேண்டும். பின்னர் இந்த மணிக் கணக்கு திருத்தப்பட்டது.

மண்வேலை எஸ்டிமேட்டில் மண் ஒரே மண் அல்ல. இளகிய மண், கடின மண், சரளை கலந்தது, சிதைந்த பாறை என்று வகை உண்டு. வெட்டிய மண்ணை எவ்வளவு தூரம் சுமக்கிறார்கள், எவ்வளவு உயரம் ஏற்றுகிறார்கள் என்பவை லீட், லிஃப்ட் என்று சேரும். ஏரிக்குள் வெட்டும்போது நடுவில் ஒரு மண் திட்டைத் தொடாமல் விடும் வழக்கம் உண்டு. பழைய தரைமட்டத்துக்கு அதுதான் சாட்சி. திட்டின் உயரத்தை டேப் வைத்துப் பார்த்து, கன அளவை எம்–புக் எனும் அளவைப் பதிவேட்டில் எழுதுவார்கள். அளவு குறைந்தால் கூலி குறையும். ஒப்பிட்டுச் சொல்லும் கிராமத்து அறிவு இங்கே நுணுக்கமான அட்டவணையாக வளர்ந்தது. ஆனால் எண்ணைக் குறிப்பவர் ஒருவர், மண்வெட்டி பிடிப்பவர் இன்னொருவர். எண் தவறினால் இழப்பு மண்வெட்டி பிடித்தவருக்கே.

3. சீட்டு எடுத்தவர்கள்

மென்பொருளில் வரலாறு வேறு திசையில் போனது. 1979இல் ஐபிஎம்மின் ஆலன் ஆல்பிரெக்ட், நிரலின் வரிகளை விட்டுவிட்டு, பயனருக்குக் கிடைக்கும் செயல்களைப் புள்ளிகளாக எண்ணினார். 1981இல் பேரி போம் 63 பணிகளின் தரவிலிருந்து, உழைப்பைக் கணக்கிடும் கோகோமோ சூத்திரத்தை வெளியிட்டார். இரண்டிலும் கணக்கு முறை முன்கூட்டியே வகுக்கப்பட்டது. குழு அதில் எண்களை நிரப்பியது.

1990களின் இறுதியில், அஜைல் முறைகளுள் ஒன்றான எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் குழுக்கள் இதைத் திருப்பின. இடையூறே இல்லாத ‘லட்சிய நாள்’ எத்தனை என்று செய்பவர்களே சொன்னார்கள். லட்சிய நாள் ஒன்றுக்கு நடைமுறையில் மூன்று நாள் ஆனது. ஒரு நாள் வேலைக்கு மூன்று நாளா என்று மேலிடம் கேட்டதும், ‘நாள்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டுப் ‘புள்ளி’ என்றார்கள்.

2002இல் ஜேம்ஸ் கிரென்னிங் பிளானிங் போக்கரை விவரித்தார். 2005இல் மைக் கோனின் நூல் அதைப் பரப்பியது. எல்லோரும் தங்கள் மதிப்பீட்டு எண் உள்ள சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். மூத்தவர் சொன்னதை இளையவர் வழிமொழிய வழியில்லை. ஒருவர் 3, இன்னொருவர் 13 காட்டினால் அங்கேதான் பேச்சு தொடங்கும். 13 எடுத்தவருக்கு மட்டும் பழைய நிரலில் ஒரு சிக்கல் தெரிந்திருக்கும். 5, 8, 13, 20, 40 என்று சீட்டுகளின் இடைவெளி விரிவதற்கும் காரணம் உண்டு: வேலை பெரிதாகப் பெரிதாக நுணுக்கமாகச் சொல்வது பொய்யாகிவிடும்.

4. மீண்டும் அதே குழி

குழுவின் ஒரு வேலைச் சுற்றில் முடிந்த புள்ளிகளின் கூட்டுத்தொகைக்கு வெலாசிட்டி என்று பெயர். அடுத்த சுற்றில் எவ்வளவு ஏற்றுக்கொள்ளலாம் என்று குழு தானே பார்த்துக்கொள்ளும் குறிப்பு அது. நிர்வாகம் அதை வைத்து இரண்டு குழுக்களை ஒப்பிடத் தொடங்கினால், நேற்று 5 ஆக இருந்த வேலை இன்று 8 ஆகும். புள்ளிமுறையைத் தொடங்கியவர்களுள் ஒருவராகக் கருதப்படும் ரான் ஜெஃப்ரிஸ், பிற்காலத்தில் அதற்காக வருந்தி எழுதினார்.

முடிவுரை

மண்வேலை அட்டவணையும் பிளானிங் போக்கரும் ஒப்பீட்டிலிருந்தே பிறந்தவை. நுணுக்கத்தில் அட்டவணைதான் மேலானது. இருந்தும் சீட்டில் உண்மை வெளிவருகிறது. சொல்பவரே செய்பவர், சொன்ன எண்ணால் அவர் கூலி வெட்டுப்படுவதில்லை. அந்த எண் மேலிடத்தின் அளவையாக மாறும் நாளில் சீட்டும் எம்–புக் ஆகிவிடும். வரப்பில் நின்று "நாலு ஆள் வேலை" என்று சொன்னவர், மதியம் ஐந்தாவது ஆளுக்குச் சொல்லி அனுப்பினால் யாரும் அவரைப் பொய்யர் என்பதில்லை. மண் இறுகிக் கிடக்கிறது என்று புரிந்துகொள்கிறார்கள்.